விழுந்தவனின் பெயர் என்ன?



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்து மக்கள் கலைந்தபின், ஒரு தாயும் அவருடைய மகனும் பங்கு இல்லத்துத் திண்ணையில் நமக்காகக் காத்திருந்தனர். மகன் மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவன். படையில் சேரும் ஆவலால் விடியுமுன் எழுந்து ஓடிப் பழகி வருபவன். "சாமி, இவன் எந்நேரமும் சண்டைப் படமாத்தான் பாக்கிறான். அதைப் பாத்துட்டுத்தான் பட்டாளத்துக்குப் போறேன்னு நிக்கிறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் தாய்.

அவர் எதிர்பார்த்த வார்த்தை யாதென நமக்குத் தெரியும். ஆயினும் அதைச் சொல்ல நமக்கு நா எழவில்லை. தாய்நாட்டுப் பணிக்காகப் படையில் சேர்வோர், மக்களின் பாதுகாப்புக்கும் உரிமை வாழ்வுக்கும் தாம் ஊழியர் எனக் கருதி நடக்க வேண்டும் என்றுதான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் கற்பித்தது. படைத் தொழிலை அது இழித்துரைக்கவில்லை. ஆகவே நாம் பையனை நோக்கி, "நீ பார்த்த படங்களில் இறந்துபோன வீரன் ஒருவனுடைய பெயரைச் சொல்லு" என்றோம். சற்று நேரம் எண்ணிப் பார்த்துக் கதாநாயகனின் பெயரைச் சொன்னான். "அவன் சாகவில்லையே?" என்றோம். சிரித்துவிட்டான். வேறு பெயர் எதுவும் அவனுக்கு நினைவில் எழவில்லை.

இக்கேள்வி நாமாகக் கண்டுபிடித்தது அன்று. 1999ஆம் ஆண்டு, கார்கில் போர் நடந்த கோடைக்காலம். நாம் குருப்பட்டம் பெற்று ஈராண்டே ஆகியிருந்த உதவிப் பங்குத்தந்தை. திருவிழாவுக்கு முந்திய இரவில் இளைஞர்கள் தொலைக்காட்சிப் பெட்டியும் கேசட் கருவியும் வாடகைக்கு எடுத்து வந்து, கோவில் முற்றத்தில் ஒரு போர்ப்படம் போட்டனர். பகைவர் வீழுந்தோறும் சிறுவர் கைதட்டினர். நாமும் கைதட்டினோம். கடைசி வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் பாதியில் எழுந்து நடந்தார். 1971ஆம் ஆண்டுப் போரில் மகனைப் பறிகொடுத்தவர் அவர். உடல்நலம் இல்லையோ என்று அஞ்சிப் பின்தொடர்ந்தோம். "அத்தனை பேரு விழுந்தாங்களே சாமி, ஒருத்தன் பேராவது சொன்னாங்களா?" என்று கேட்டார். பிறகு, "எம் மவன் விழுந்தப்பவும் அந்தப் பக்கம் இப்படித்தான் கைதட்டியிருப்பாங்க" என்றார். அவருக்கு மறுமொழி கூற நம்மிடம் ஒன்றும் இல்லை.

அன்றுமுதல் எந்தப் போர்ப்படத்தைக் காணினும் இந்த ஒரு கேள்வியைக் கொண்டே அதை நிறுத்துப் பார்ப்பது நமது வழக்கமாயிற்று: விழுந்தவனின் பெயரை இப்படம் நமக்குச் சொல்கிறதா? இக்கேள்விக்கு நிற்கும் ஐந்து படங்களை அந்தத் தாய்க்கும் மகனுக்கும் எழுதிக் கொடுத்தோம். அவற்றையே இம்மாதம் உங்களுக்கும் பரிந்துரைக்கிறோம்.

ஐந்தும் திரையரங்குக்காக அன்றித் தொலைக்காட்சிக்கெனவே எடுக்கப்பட்டவை. தொலைக்காட்சிப் படத்துக்குச் செலவிடும் பணம் குறைவு. ஆயிரம் பேரை ஓடவிட்டு ஊரைக் கொளுத்திக் காட்ட இயலாது. ஆகவே படக்கருவி மனிதனின் முகத்தருகே வந்து நிற்கிறது. பார்ப்பவர்களும் இருட்டில் அமர்ந்த முன்பின் அறியாத கூட்டத்தினர் அல்லர்; வீட்டுக் கூடத்தில் ஒன்றாக இருக்கும் குடும்பத்தினர். நம் நாட்டிலும் 1988ஆம் ஆண்டில் தூர்தர்ஷன், சேத்தன் ஆனந்த் இயக்கிய 'பரம் வீர் சக்ரா' என்ற தொடரை ஒளிபரப்பி, உயரிய விருது பெற்ற வீரர்களை ஒவ்வொருவராக நம் வீடுகளுக்கு அழைத்து வந்தது. இங்கே நாம் கூறும் ஐந்தும் ஆங்கிலப் படங்கள். ஆங்கிலம் பயிலும் பிள்ளைகள் பெற்றோருக்கு விளக்கிச் சொல்லலாம். அதுவும் ஒரு நன்மையே.

முதலாவது, 'டேக்கிங் சான்ஸ்'. 2009ஆம் ஆண்டில் எச்.பி.ஓ. தொலைக்காட்சி வெளியிட்டது. சான்ஸ் என்பது ஓர் இளைஞனின் பெயர். சான்ஸ் ஃபெல்ப்ஸ் என்னும் 19 வயது அமெரிக்கக் கடற்படைப் பிரிவு வீரன், 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஈராக்கில் உயிர் நீத்தான். அந்நாள் பெரிய வெள்ளி. அவனுடைய உடலை டெலவேர் மாநிலத்து டோவர் விமானப்படைத் தளத்திலிருந்து வயோமிங் மாநிலத்தின் டுபாய் என்னும் சிற்றூருக்குக் கொண்டு சேர்க்க, மைக்கேல் ஸ்ட்ரோபில் என்ற லெப்டினன்ட் கர்னல் தாமே முன்வந்தார். ஒரு சாதாரண வீரனுக்கு அத்தகைய உயர் அதிகாரி துணை செல்வது வழக்கமன்று. அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய குறிப்பே படமாயிற்று. கெவின் பேக்கன் அவராக நடித்துள்ளார்.

இப்படத்தில் போர்க்காட்சியே இல்லை. உடலைக் கழுவுகிறார்கள். பேழை திறக்கப்படப் போவதில்லை என்று தெரிந்தும், புதுச் சீருடையை அளவெடுத்துத் தைத்து அணிவிக்கிறார்கள். அவனுடைய கைக்கடிகாரம், மரச்சிலுவை, புனித கிறிஸ்டோபர் பதக்கம் ஆகியவற்றைத் துடைத்துப் பையிலிட்டு ஒப்படைக்கிறார்கள். இரவில் பேழை சரக்குக் கிடங்கில் தங்க நேர்ந்தபோது, விடுதிக்குச் செல்ல மறுத்து அதனருகிலேயே படுத்துக்கொள்கிறார் அதிகாரி. தாம் குடும்பத்தோடு இருக்க விரும்பி அலுவலகப் பணியில் தங்கிவிட, இச்சிறுவன் போய் மடிந்தானே என்ற உறுத்தல் அவருக்கு. அவர் இப்போது சான்ஸுக்குச் சாட்சி என்று ஊரிலுள்ள முதிய போர்வீரர் ஒருவர் அவருக்கு உணர்த்துகிறார். அடக்கச் சடங்கின்போது உடலுக்கு நாம் செய்யும் மரியாதையின் பொருளைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல படத்தை நாம் கண்டதில்லை. எல்லா வயதினரும் காணலாம்.

இரண்டாவது, 'மை பாய் ஜாக்'. 2007ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் இங்கிலாந்தின் ஐ.டி.வி. ஒளிபரப்பியது. பம்பாயில் 1865ஆம் ஆண்டில் பிறந்து, 1907ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ரட்யார்ட் கிப்ளிங் நாம் அறிந்த எழுத்தாளர். பேரரசின் பெருமையை முழங்கியவர். முதல் உலகப்போர் மூண்டபோது ஒரே மகன் ஜானும் படையில் சேர வேண்டுமென விரும்பினார். பையனுக்கோ கண்பார்வை மிகக் குறைவு, சோதனையில் தள்ளப்பட்டான். தந்தை விடவில்லை. தமக்கு அறிமுகமான தளபதி ராபர்ட்ஸ் பிரபுவிடம் சொல்லி, ஐரிஷ் காவற்படையில் அவனுக்கு அதிகாரி பதவி வாங்கித் தந்தார். 1915ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், பிரான்சு நாட்டின் லூஸ் போர்க்களத்தில் ஜான் காணாமற் போனான். 18 வயது நிறைந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன.

தந்தையாக நடித்த டேவிட் ஹெய்க்தான் இக்கதையை எழுதியவரும். மகனாக டேனியல் ராட்கிளிஃப் நடித்துள்ளார். உடல் கிடைக்காத சாவு ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை இப்படத்தில் காண்கிறோம். பெற்றோர் காயமுற்றுத் திரும்பிய வீரர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று, "எம் மகனைக் கண்டீரா?" என்று கேட்கின்றனர்.

படத்துக்கு அப்பாலும் ஒரு செய்தி உண்டு. 1917ஆம் ஆண்டில் கிப்ளிங் போர்க் கல்லறை ஆணையத்தில் உறுப்பினரானார். மறைந்தோரின் பெயர் அழியாமல் நிற்கும் என்ற கருத்துடைய சொற்களைச் சீராக் நூலின் 44ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்து நினைவுக் கற்களுக்குத் தந்தவர் அவரே. அடையாளம் தெரியாத வீரனின் கல்லறையில், அவனை இறைவன் அறிவார் என்ற பொருளில் பொறிக்கும் வாசகமும் அவர் தந்ததே. தம் மகனுக்குக் கல்லறை இல்லாத ஒரு தந்தை, பிறர் மக்களின் கல்லறைகளுக்குச் சொல் தேடினார். 1936ஆம் ஆண்டில் அவர் கண்மூடும்வரை ஜானின் உடல் கிடைக்கவில்லை. 1992ஆம் ஆண்டில்தான் ஆணையம் ஒரு கல்லறையை அவனுடையதென அறிவித்தது; அதையும் ஐயுறுவோர் உண்டு. அவ்வாணையத்தின் கல்லறைத் தோட்டம் ஒன்று சென்னை நந்தம்பாக்கத்திலும் இருக்கிறது. அதிகாரியும் கடைநிலை வீரனும் அங்கே ஒரே அளவுக் கற்களின்கீழ் துயில்கின்றனர். சென்னை செல்வோர் பிள்ளைகளுடன் ஒருமுறை போய் அப்பெயர்களை வாசித்து வரலாம்.

மூன்றாவது, 'ஃப்ரெண்ட்லி ஃபயர்'. தன் பக்கத்தாரின் குண்டுக்கே இரையாவதை அமெரிக்கப் படையினர் அவ்வாறு சொல்வர். 1979ஆம் ஆண்டில் ஏ.பி.சி. ஒளிபரப்பிய இப்படம், அவ்வாண்டின் சிறந்த நாடகப் படத்துக்கான எம்மி விருதைப் பெற்றது. அயோவா மாநிலத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணை உழுது வந்த கத்தோலிக்கக் குடும்பம் முல்லன் குடும்பம். மகன் மைக்கேல், உயர்கல்வி பயின்றுகொண்டிருந்தபோது கட்டாயப் படைச் சேர்க்கையில் வியட்நாமுக்கு அனுப்பப்பட்டான். 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், உறங்கிக்கொண்டிருந்த வேளையில் அமெரிக்கப் பீரங்கிக் குண்டே அவன் உயிரைக் குடித்தது. பகைவர் கையால் இறவாதவன் என்பதால் போரில் மடிந்தோரின் வாராந்தரக் கணக்கில் அவன் சேர்க்கப்படவில்லை.

"எம் மகன் எப்படிச் செத்தான்?" என்று கேட்டுத் தாய் பெக் எழுதாத அலுவலகம் இல்லை. மகனின் சாவுக்கு ஈடாக அரசு தந்த பணத்தைக் கொண்டு, போரில் மாண்ட தம் மாநிலத்தார் ஒவ்வொருவருக்கும் ஒரு சிலுவையாக நாளிதழில் விளம்பரம் வெளியிட்டனர் பெற்றோர். எழுத்தாளர் சி.டி.பி. பிரையன் இறுதியில் கண்டறிந்த உண்மை மிக எளியது. பீரங்கியைக் குறிவைத்தவர்கள் வழியிலிருந்த மரங்களின் உயரத்தைக் கணக்கிட மறந்துவிட்டார்கள். குண்டு மரமுகட்டில் பட்டு வெடித்தது. பெற்றோரால் அதை நம்பி ஆறுதல் கொள்ள இயலவில்லை. நகைச்சுவை நடிகையாகப் பெயர் பெற்ற கேரல் பர்னெட், இத்தாயாகச் சிரிப்பற்ற முகத்துடன் நடித்திருப்பதைக் காண வேண்டும். துயரம் ஒரு நல்ல பெண்ணைக் கடுமையாக்கி, அண்டை வீட்டாரிடமிருந்தும் பிரிப்பதை இப்படம் மறைக்கவில்லை. துக்க வீட்டாரிடம், "எல்லாம் இறைவன் சித்தம்" என்று விரைந்து சொல்லிவிட்டு எழுந்து வரும் நம்மைப் போன்ற குருக்களும் இதைப் பார்ப்பது நன்று.

நான்காவது, 'தி எக்ஸிக்யூஷன் ஆஃப் பிரைவேட் ஸ்லோவிக்'. 1974ஆம் ஆண்டில் என்.பி.சி. ஒளிபரப்பியது. எடி ஸ்லோவிக், டெட்ராய்ட் நகரத்துப் போலந்து வழிக் கத்தோலிக்கன். இளமையில் சிறு திருட்டுகளுக்காகச் சிறை சென்று, திருந்தி மணம் புரிந்தவன். முதலில் படைக்குத் தகாதவன் என ஒதுக்கப்பட்டு, ஆள் தேவை மிகுந்தபோது அழைக்கப்பட்டான். 1944ஆம் ஆண்டில் பிரான்சில் குண்டு மழையைக் கண்டு அஞ்சினான். பின்னணியில் எந்த வேலையும் செய்வதாகக் கெஞ்சினான். அது மறுக்கப்படவே ஓடினான். மறுநாளே திரும்பி வந்து, மீண்டும் முன்னணிக்கு அனுப்பினால் மீண்டும் ஓடுவேன் என்று கைப்பட எழுதித் தந்தான். அத்தாளைக் கிழித்துவிடும்படி மேலோர் அறிவுறுத்தியும் இணங்கவில்லை. சிறைவாசந்தான் கிடைக்கும் என்பது அவன் எண்ணம். அப்போரில் படையைவிட்டு ஓடிய குற்றத்துக்காக 49 அமெரிக்க வீரர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நிறைவேற்றப்பட்டது ஒருவனுக்கு மட்டுமே. 1945ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், அவனுடைய படைப்பிரிவைச் சேர்ந்த 12 பேரே அவனைச் சுட்டனர்.

ஸ்லோவிக்காக மார்ட்டின் ஷீன் நடித்துள்ளார். படைக் குருவாக நடித்த நெட் பீட்டியே 'ஃப்ரெண்ட்லி ஃபயர்' படத்தில் மைக்கேலின் தந்தை. கடைசி மணி நேரங்களில் அக்குரு செய்யக்கூடியது மிகக் குறைவு. தண்டனையைத் தடுக்க அவரால் இயலாது. அருகில் நிற்க மட்டுமே இயலும். அவர் அருகில் நிற்கிறார். அவ்விடத்தில் நம்மை வைத்துப் பார்த்து நாம் பலமுறை கலங்கியதுண்டு. பிரான்சில் அவனைப் புதைத்த இடத்தில் பெயர் பொறிக்கவில்லை. கல்லின்மேல் ஓர் எண் மட்டும். கணவன் எப்படி இறந்தான் என்பது மனைவிக்கு 1953ஆம் ஆண்டுவரை தெரியாது. அவர் 1979ஆம் ஆண்டில் ஓய்வூதியம் ஏதுமின்றி இறந்தார். 1987ஆம் ஆண்டில்தான் ஸ்லோவிக்கின் எலும்புகள் ஊர் வந்து சேர்ந்தன. அவனுக்கும் பெயருள்ள கல் கிடைத்தது. இப்படத்தைச் சிறுவர்க்குக் காட்ட வேண்டாம். பதினைந்து வயதைக் கடந்தவர்கள் பெற்றோருடன் காணலாம்.

இந்த நான்கு படங்களிலும் ஒரு குறை உண்டு. அதை மறைப்பது முறையன்று. இறந்தவனுக்குப் பெயர் தருகின்றன. ஆனால் அவன் நம் பக்கத்தவனாக இருக்கும்போதே தருகின்றன. முதற்படத்தில் ஈராக்கியத் தாய் ஒருத்தியும் இல்லை. மூன்றாவதில் வியட்நாமியக் குடும்பம் இல்லை. மூதாட்டி கேட்டதோ மறுபக்கத்தில் விழுந்தவனின் பெயரை.

அதற்கு விடை தருவது ஐந்தாவது படம், 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்'. எரிக் மரியா ரெமார்க் முதல் உலகப்போரில் காயமுற்ற ஜெர்மானியர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1929ஆம் ஆண்டில் நூலாக வந்த அவருடைய இந்த நாவலை 1933ஆம் ஆண்டில் நாசிகள் தீயிலிட்டனர். இக்கதை 1930, 2022ஆம் ஆண்டுகளிலும் படமாயிற்று. 1979ஆம் ஆண்டில் சி.பி.எஸ். தொலைக்காட்சிக்காக இதை இயக்கியவர் டெல்பர்ட் மான். அவரே இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். அதுவும் ஜெர்மனிக்கு எதிராக. தாம் எதிர்த்துப் போரிட்ட நாட்டின் இளைஞனது கதையைக் கனிவோடு எடுத்திருக்கிறார்.

ஆசிரியரின் ஆவேசப் பேச்சைக் கேட்டு ஒரு வகுப்பே படையில் சேர்கிறது. அவர்களுள் ஒருவன் பவுல். இறக்கும் தோழனின் நல்ல காலணிகள் அடுத்தவன் காலுக்கு மாறுகின்றன. அவனும் இறக்க, அதற்கடுத்தவனுக்கு. விடுமுறையில் வீடு வந்த பவுலால் நோயுற்ற தாயிடம்கூட உண்மையைச் சொல்ல முடியவில்லை. படத்தின் உயிர் ஒரு குண்டுக்குழியில் இருக்கிறது. குழிக்குள் வந்து விழுந்த பிரெஞ்சு வீரனைப் பவுல் அச்சத்தால் கத்தியால் குத்திவிடுகிறான். அவன் உடனே சாகவில்லை. வெளியே குண்டு பொழிவதால் பவுலால் எங்கும் போக முடியவில்லை. தான் கொன்றவனுக்குத் தானே தண்ணீர் தருகிறான், காயத்தைக் கட்டுகிறான், மன்னிப்புக் கேட்கிறான். அவன் இறந்தபின் பையிலிருந்த மனைவி மக்களின் படத்தைப் பார்க்கிறான். ரெமார்க் அவனுக்குப் பெயரும் தொழிலும் தந்திருக்கிறார்: ஜெரார் துவால், அச்சுக்கோப்பவன். பெயர் தெரிந்த கணத்திலிருந்து அவன் பகைவனாக இல்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளைகளிடம், "போர்ப்படம் பார்க்காதே" என்று மட்டும் சொன்னால் அவர்கள் ஒளிந்து பார்ப்பார்கள். கைபேசியில் தனியே பார்ப்பதைவிடக் கூடத்தில் உங்களோடு அமர்ந்து பார்ப்பது மேல். மாதம் ஒரு படம் போதும். முடிந்தவுடன் வேறொன்றைப் போடாமல் சற்று நேரம் பேசுங்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதைவிட யார் செத்தான், அவன் வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று கேளுங்கள். தாத்தாவோ மாமாவோ படையில் இருந்தவரானால் அவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். இதுவரை சொல்லாததை அன்று அவர் சொல்லக்கூடும்.

திண்ணையில் காத்திருந்த அந்தத் தாய்க்கு அவர் விரும்பிய வார்த்தையை நாம் தரவில்லை. பையன் இன்னும் விடியலில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறான். ஐந்தில் இரண்டைத் தாயும் மகனும் சேர்ந்து பார்த்துவிட்டதாகச் சென்ற ஞாயிறு சொன்னார்கள். "அந்தப் பையன் பேரு சான்ஸ், சாமி" என்று நாம் கேளாமலே சொன்னான்.

முற்றத்தைவிட்டு எழுந்து சென்ற மூதாட்டி இறைவனடி சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மகனின் பெயரை அன்றிரவே கேட்டு எழுதிக்கொண்டோம். எப்பங்கில் பணியாற்றினும் நவம்பர் 2ஆம் நாள் திருப்பலியில் அப்பெயரை வாசித்து வருகிறோம். அதை அடுத்து, அதே போரில் மறுபக்கத்தில் விழுந்து, நமக்குப் பெயர் தெரியாத ஒருவனுக்காகவும் வேண்டுகிறோம். அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்.